விளாவாத தண்ணீர்

நர்சுகளுக்குச் சேலத்தில் மறுபடியும் பாடம் நடத்தப் போகிறார்கள், எல்லோரும் வந்து படித்துப் பரீட்சை எழுதிவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, வட்டாரத்து நர்சுகள் எல்லோருக்கும் எரிச்சல்தான் வந்தது. தலை நரைக்கிற வயசில் பலகையில் போய் உட்கார வேண்டுமா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பிள்ளை பிறப்பதில் புதுசாக என்ன வந்துவிட்டது, போன வருஷம் பிறந்த மாதிரிதானே இந்த வருஷமும் பிறக்கிறது என்று இன்னொருத்தி கேட்டாள். கேள்வி என்னவோ நியாயமாகத்தான் பட்டது. போன வருஷம் செத்த மாதிரியே இந்த வருஷமும் தாய்மார்கள் சாகிறார்களே, அதற்கு யார் பதில் சொல்வது? மல்லசமுத்திரத்தில் மாதர் சங்கம் நடத்திய பிரசவ நிலையத்து நர்சு தெய்வநாயகி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

குமாரபாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டு மூலையில் கிடக்க மாட்டேன் என்று நர்சுப் படிப்புக்குப் போனவள் அவள். பிடித்தால் பிடித்ததுதான். ஆனால் அவள் சேலத்துக்குப் புறப்பட்டது பிடிவாதத்தினால் அல்ல. அவள் மனசில் ராமாயி இருந்தாள்.

ராமாயி, ஊருக்கு மேற்கே தோட்டத்தில் குடியிருந்த அர்த்தநாரிக் கவுண்டரின் மூத்த மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளுக்குத் தெய்வநாயகிதான் பிரசவம் பார்த்தாள். சுகப்பிரசவம், ஆண் குழந்தை. கவுண்டர் ஊருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார். அந்தச் சர்க்கரையின் இனிப்பு நாக்கை விட்டுப் போவதற்குள் ராமாயிக்குக் குளிர் கண்டது, ஜுரம் ஏறியது, வாய் பிதற்றியது, ஒருநாள் சாயங்காலம் அடங்கிப் போனாள். குழந்தையைப் புருஷன் வீட்டார் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கவுண்டர் நர்சைத் திட்டவில்லை. "இனிமே என்ற ஊட்டுப் படி ஏற வேண்டாமுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த 'ங்க'தான் அவளை அறுத்தது.

இப்போது இரண்டாவது மகள் வசந்தாமணி மாசமாக இருந்தாள். பிரசவத்துக்கு இவளும் இங்கேதான் வரப்போகிறாள். நர்சு வேண்டாம், நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு மருத்துவச்சியைக் கூட்டி வரப்போவதாகக் கவுண்டர் சந்தையில் சொல்லியிருந்தார். அந்த மருத்துவச்சியின் கையைத் தெய்வநாயகி ஒருமுறை பார்த்திருக்கிறாள். நகக்கண்ணில் சாணி இருந்தது. அக்காளைப் போலத் தங்கையும் போய்விடக் கூடாது. அதற்கு முதலில், அக்காள் எதனால் போனாள் என்பது தெரிய வேண்டும். கத்தரியைக் கொதிக்கவைத்தாள், நூலைக் கொதிக்கவைத்தாள், சோப்புப் போட்டுக் கை தேய்த்தாள். பிறகு எப்படிச் சாவாள்? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் அவள் பஸ் ஏறினாள்.

பாடம் நடத்தியவர் டாக்டர் ராஜம்மாள். ஒல்லியான உடம்பு, அதட்டாத குரல். முதல் நாள் அவர் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. மூடிபோட்ட சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகளை மேஜையில் பரப்பினார். ஆட்டுக்கால் சாறு ஆறினால் கட்டிக்கொள்ளுமே, அதுபோல ஒரு பசை தட்டுகளில் உறைந்திருந்தது.

"ஒரு வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனா எப்படிக் கை கழுவுவீங்களோ, அப்படியே கழுவிட்டு வந்து இதுல விரலை அழுத்துங்க. கண்ணுக்குத் தெரியாத கிருமி கையில இருந்தா, இது அதுக்குச் சோறு. தின்னு பெருகிக் கண்ணுக்குத் தெரிஞ்சுடும்" என்றார்.

தெய்வநாயகிக்குச் சிரிப்பு வந்தது. கை கழுவுவதில் அவளை மிஞ்ச ஆள் உண்டா? வார்டு ஆயா சுப்பம்மாளைக் கூப்பிட்டு, "வெந்நி கொண்டா, அம்மிணி" என்றாள். சோப்புப் போட்டாள், பிரஷ் போட்டாள், நகக்கண்ணைக் குடைந்தாள், முழங்கைவரை தேய்த்து அலம்பிவிட்டுப் போய் விரலை அழுத்தினாள். நிமிர்ந்த தோரணையைப் பார்த்தால் பரீட்சையில் ஏற்கனவே தேறிவிட்டவள் போலிருந்தது.

தட்டுகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்து ஒருநாள் காலையில் வெளியே எடுத்தார்கள். தெய்வநாயகியின் தட்டில் அவளுடைய விரல் அழுந்திய இடமெல்லாம் மாவுக்கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இது என்ற தட்டு இல்லீங்க" என்றாள் முதலில். பேர் எழுதி ஒட்டியிருந்தது. "சோப்பு கெட்டுப்போச்சோ என்னமோ" என்றாள் அடுத்து. அதே சோப்பு போட்ட இன்னொருத்தியின் தட்டில் பாதிகூட இல்லை. அவமானத்தில் காது சிவந்து, "வெந்நியிலதானுங்க கழுவினேன்! இதுக்குமேல மனுசி என்னதான் செய்யறது?" என்று கத்தியே விட்டாள்.

ராஜம்மாள் கோபப்படவில்லை. "அப்ப என் முன்னாடி இன்னொரு தரம் கழுவுங்க. எனக்கும் தெரியணும்" என்றார்.

சுப்பம்மாள் அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை வாளியில் மொண்டு வந்தாள். வாசற்படியில் நின்றாள். பக்கத்திலிருந்த தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு வாளியில் ஊற்றினாள், புறங்கையை நனைத்துப் பார்த்தாள், இன்னும் அரைச் சொம்பு ஊற்றினாள். பிறகுதான் உள்ளே வந்தாள்.

"நில்லுங்கம்மா. அது என்ன ஊத்தினீங்க?"

"பச்சத்தண்ணிங்க, டாக்டரம்மா."

"எதுக்கு?"

சுப்பம்மாளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "விளாவாம எப்படிங்க குடுக்கறது? கொதிக்கற தண்ணில கைய உட்டாப் பொசுங்கிப் போயிருமில்லீங்களா?" என்றாள்.

வகுப்பு முழுதும் சிரித்தது. தெய்வநாயகி சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் சுப்பம்மாளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்தில் வெந்நீர் வை என்றால் விளாவுவதும் அதிலேயே அடக்கம். கொதிக்கிற தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, உடம்புக்குப் பதமாக்கிக் கொடுக்காதவள் ஒரு மனுஷியா? வந்த விருந்தாளிக்கும் பச்சை உடம்புக்காரிக்கும் கைக்குழந்தைக்கும் அப்படித்தான் கொடுக்கிறோம். தெய்வநாயகி போன இடமெல்லாம் வெந்நீர் கேட்டாள், போன இடமெல்லாம் விளாவிக் கொடுத்தார்கள். வெதுவெதுவென்று கைக்கு இதமாக இருந்ததே தவிர, அந்த இதம் எங்கிருந்து வந்தது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவளுக்கு அந்தக் காலை கண்முன் வந்து நின்றது. ராமாயி உள்ளே வலியில் முனகுகிறாள். அவளுடைய அம்மா ஆத்தாயி கொதிக்கிற பித்தளைப் பாத்திரத்தைத் துணிபோட்டுப் பிடித்துக்கொண்டு வருகிறாள். மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியோரம் நின்று, அதில் ஒரு சொம்பு மொண்டு ஊற்றுகிறாள். "பதமா இருக்குதுங்க, கழுவுங்க" என்று நீட்டுகிறாள். தெய்வநாயகி வகுப்பை விட்டு வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

ராஜம்மாள் பின்னாலேயே வந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். தெய்வநாயகி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆறுதல் சொல்லி மழுப்பவில்லை. "இனிமே என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்க. காய்ச்சின தண்ணியை அப்படியே ஆறவச்சுக் கொடுக்கச் சொன்னா?"

"வலியெடுத்தவ கத்தறப்போ தண்ணி ஆறட்டும்னு எவ காத்துட்டு நிப்பா, டாக்டரம்மா? நான் திரும்பறதுக்குள்ள ஊத்திருவாங்க."

"அப்ப வலி ஆரம்பிக்கும்போதே ஒரு பானை காய்ச்சி, மூடி, ஆற வச்சுட்டா?"

தெய்வநாயகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரிங்க. விளாவாதீங்கன்னு சொன்னா ஒருத்தியும் கேக்கமாட்டா. காச்சி ஆறுன தண்ணியை ஊத்தி விளாவுங்கன்னு சொன்னாக் கேப்பா. அடுப்புல ஒண்ணு, ஆறுனது ஒண்ணு, ரெண்டு பானை."

அன்றைக்கே அப்படிச் செய்து கை கழுவி, புதுத் தட்டில் விரலை அழுத்தினாள். அந்தத் தட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது பசை வைத்தது வைத்தபடியே தெளிவாக இருந்தது. பரீட்சையிலும் தேறினாள். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. ஊர் வந்து இறங்கியதும் பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு, நேரே கவுண்டர் தோட்டத்துக்கு நடந்தாள்.

கவுண்டர் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் "வாங்க" என்று கேட்கவில்லை. வாசலுக்கு வந்த பகையாளியைக்கூட வாங்க என்று கேட்கிற ஊர் அது. அவள் கிணற்று மேட்டில் நின்றுகொண்டே பேசினாள்.

"ராமாயி எதுனால செத்தான்னு தெரிஞ்சுக்கத்தானுங்க சேலம் போனேன். தெரிஞ்சுட்டு வந்திருக்கறேன்."

அவர் மாட்டை நிறுத்தினார். "சாமி கூப்புட்டுக்கிச்சு. அதுல தெரிஞ்சுக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

"சாமி கூப்புடலீங்க. நாங் கை கழுவுன தண்ணி சுத்தமில்லீங்க. அதுல இருந்த கிருமி என்ற கையோட உள்ள போயிருச்சு."

"என்ற ஊட்டுல தண்ணி காச்சலைங்கறீங்களா?" கவுண்டரின் குரல் ஏறியது. "பொங்கப் பொங்கக் காஞ்சுதுங்க. நாம் பாத்துட்டுத்தான நின்னேன்!"

தெய்வநாயகி திரும்பிப் பார்த்தாள். மாட்டுக் கொட்டகையில் ஆத்தாயி சாணிக்கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அது நேராகப் போய் அந்தப் பெற்ற வயிற்றில் குத்தும். சொல்லாமல் விட்டால் நாளைக்கு வசந்தாமணிக்கும் அதே தண்ணீர்தான் வரும். பஸ்ஸில் வரும் நேரமெல்லாம் தெய்வநாயகி இதற்கு ஒரு வழி தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

"தண்ணி காஞ்சுதுங்க. அதைக் கைக்குப் பதமாக்கறதுக்கு என்ன கலந்துதுன்னு நாந்தான் கேக்காம உட்டேன்" என்றாள்.

கூடை கீழே விழுந்தது. ஆத்தாயி நடந்து வந்தாள். "பச்சத்தண்ணி ஊத்துனது நானுங்க" என்றாள் புருஷனிடம். "தொட்டித் தண்ணி. நர்சம்மா கை சுடுமேன்னு ஊத்துனேன். இந்தக் கைய உட்டுப் பதம் பாத்து, நாந்தான் கொண்டாந்து குடுத்தேன்."

"அம்மா, நீங்க பாசமாக் குடுத்தீங்க. வேண்டாம்னு சொல்ல வேண்டியது என்ற வேலை. படிச்சவ நானு" என்றாள் தெய்வநாயகி. அது ஆத்தாயியின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"போயிருங்க" என்றார் கவுண்டர். "செத்தவளும் போதாதுன்னு இருக்கறவளையும் கொன்னுபோட்டுப் போறீங்க. போயிருங்க."

அவள் போனாள். அடுத்த வாரம் மறுபடியும் வந்தாள். கவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கடுத்த வாரமும் வந்து, படலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். வழியில் பார்த்தவர்கள், இந்த நர்சுக்கு ரோஷமே இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்குப் பயம் பிடித்திருந்தது. ஆத்தாயி சோறு தண்ணீர் சரியாக எடுப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தியைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தியைச் சாய்த்துவிட்டோமோ என்று நினைத்து நினைத்துக் கலங்கினாள்.

சந்தை நாளன்று பிரசவ நிலையத்து வாசலில் ஆத்தாயி வந்து நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அந்தத் தண்ணியை எப்படிக் காச்சோணும்? சொல்லிக் குடுங்க" என்றாள்.

"கவுண்டருங்க என்ன சொன்னாங்க?"

"அவரு கெடக்கறாரு. அவரு பெத்தாரா, நாம் பெத்தனா? வசந்தாமணியை நேத்துக் கூட்டியாந்துபோட்டேன். நீங்கதான் பாக்கோணும். தண்ணியை மட்டும் வேற ஒருத்தி தொடக்கூடாது, நாந்தான் காச்சுவேன்."

தெய்வநாயகி சொல்லிக் கொடுத்தாள். ஆத்தாயி கேட்டதோடு விடவில்லை, நிலையத்து அடுப்பிலேயே செய்து பார்த்தாள். பானை, மூடி, மொள்ளுகிற கரண்டி எல்லாம் கொதிக்க வேண்டும். ஆறும்போது மூடியைத் திறக்கக் கூடாது. பதம் பார்க்க விரலை விடக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் அவள் தடுமாறினாள். ஆயுசு முழுக்கப் பதம் பார்த்த கை, அவளைக் கேட்காமலே தண்ணீருக்குள் போயிற்று. போகும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி அடுப்பை மூட்டினாள். அவள் கைக்கு அந்தப் பழக்கம் விட்டுப் போனபோது சந்தை கலைந்திருந்தது.

வசந்தாமணிக்கு வலி எடுத்தது ஒரு விடியற்காலையில். நர்சைக் கூட்டிப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்தது கவுண்டரேதான். அவளை ஏற்றிக்கொண்டு மாட்டை விரட்டினார். தோட்டத்து வாசலில் இறங்கியதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எங்கேயோ பார்த்தபடி, "வாங்க" என்றார். தெய்வநாயகி "வந்தனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே விரைந்தாள்.

அவள் போவதற்கு முன்பே ஒரு பானை காய்ந்து, மூடியோடு ஆறிக்கொண்டிருந்தது. இன்னொன்று அடுப்பில் கொதித்தது. ஆத்தாயி இரண்டுக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கவுண்டரின் தங்கை குஞ்சம்மாள், உதவி செய்கிற நல்ல எண்ணத்தில், கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "அண்ணி, நர்சம்மாளுக்குக் கை சுடுமில்ல, ரவ்வூண்டு ஊத்தட்டுமா?"

ஆத்தாயி எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது. சொம்பைப் பிடுங்கி வாசலில் விட்டெறிந்தாள். "இந்தப் பக்கம் தண்ணியோட வந்தீன்னா கொன்னுபோடுவேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளே வசந்தாமணிகூட ஒரு கணம் வலியை மறந்தாள். குஞ்சம்மாள் கொட்டகையோரம் ஒதுங்கினாள். ஆத்தாயி ஆறிய பானையிலிருந்து கரண்டியால் மொண்டு கொதித்த தண்ணீரில் விட்டு, பாத்திரத்தை வெளிப்பக்கமாகத் தொட்டுப் பார்த்துச் சூடு சரியானதும் கொண்டு வந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

உச்சிப் பொழுதுக்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. யாரும் சர்க்கரை கொடுக்கவில்லை. சந்தோஷப்படுவதற்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருந்தது. தெய்வநாயகி நாள் தவறாமல் வந்து பார்த்தாள். ராமாயிக்குப் பிரசவமாகி எத்தனையாவது நாளில் குளிர் கண்டதோ, அந்த நாள் வந்தது. அன்று கவுண்டர் கவலை ஓட்டப் போகவில்லை, கட்டில் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தார். அந்த நாளும் போயிற்று. ராமாயி அடங்கிய நாளும் வந்து போயிற்று. மறுநாள் காலை தெய்வநாயகி உள்ளே நுழைந்தபோது, வசந்தாமணி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, சோறு இன்னும் ஆகலையா என்று சிடுசிடுத்துக்கொண்டிருந்தாள். ஆத்தாயி மகளின் நெற்றியில் புறங்கையை வைத்தாள், கழுத்தில் வைத்தாள், திரும்ப நெற்றியில் வைத்தாள்.

"சுடலீங்க" என்றாள்.

"இனிமே சுடாதுங்க அம்மா. தாண்டிட்டாங்க."

ஆத்தாயி தெய்வநாயகியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் வெயில் ஏறியிருந்தது. அவள் கேட்கப் போவது என்ன என்று தெய்வநாயகிக்குத் தெரிந்தது. சேலத்து வேப்பமரத்தடியில் நின்ற அன்றிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

"அப்ப, ராமாயியும் பொழைச்சிருப்பாளுங்களா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லலாம், யாருக்குத் தெரியும் என்று சொல்லலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இந்தத் தாயிடம் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"பொழைச்சிருப்பாங்க" என்றாள்.

ஆத்தாயி அழுதாள். மகள் செத்தபோது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத அழுகை வேறு, இது வேறு. சத்தமே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. தெய்வநாயகியும் சேர்ந்து அழுதாள். அழவேண்டிய மட்டும் அழுது முடித்ததும் ஆத்தாயி மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

"பள்ளத்துத் தோட்டத்துல எங்கக்கா மருமக முழுகாம இருக்கறா. எங்கக்கா லேசுல கேக்கறவ இல்லீங்க. நீங்க சொன்னாப் படிச்ச திமிருன்னு சொல்லுவா. நாஞ் சொல்றேன். நடங்க, போலாம்."

"இப்பவேங்களா?"

"பின்ன எப்ப?"

சொல்லிக்கொண்டே ஆத்தாயி படலைத் திறந்து வரப்பில் இறங்கிவிட்டாள். தெய்வநாயகி பையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.